படைத்துறை வரலாறும் சமூக முழுமையும்: மைக்கேல் ஹவார்ட் பற்றிய ஒரு மதிப்பீடு

போர் பற்றிய எழுத்துக்களை மார்க்சியத் திறனாய்வாளர் ஐயத்துடன் நோக்குவது இயல்பே. தளபதிகளின் மதிநுட்பம், படைப்பிரிவுகளின் பெருமிதம், வரைபடங்களில் நகரும் அம்புக்குறிகள் ஆகியவற்றையே வரலாறு எனக் கொண்ட நூல்கள் ஆளும் வர்க்கத்தின் கருத்தியலுக்கு நெடுங்காலம் துணைநின்றுள்ளன. ஆயினும், இவ்வையத்தைக் காரணங்காட்டிப் படைத்துறை வரலாற்றையே புறக்கணிப்பது மார்க்சிய மரபுக்கு ஏற்புடையதன்று. ஏங்கல்ஸ் பிரஷ்யப் பீரங்கிப் படையில் பணியாற்றியவர். 1849 இல் தென்மேற்கு ஜேர்மனியின் எழுச்சியில் ஆயுதமேந்தியவர். 1870-71 யுத்தம் பற்றி லண்டன் பத்திரிகையொன்றில் எழுதிய தொடர் கட்டுரைகளின் பயனாக 'ஜெனரல்' என்று நண்பர்களால் அழைக்கப்பட்டவர். லெனின் 1915 இல் பேர்ண் நகரில் கிளாஸவிட்ஸின் நூலைக் கற்றுக் குறிப்பெடுத்தவர். போரை அரசியலின் தொடர்ச்சியாகக் காண்போர், அதனைக் கற்பதைப் பிறரிடம் விட்டுவிட முடியாது.

இந்நோக்கிலேயே பிரித்தானிய வரலாற்றாசிரியர் மைக்கேல் ஹவார்டின் (1922-2019) வாழ்வும் பணியும் எமது கவனத்துக்குரியன. அவர் மார்க்சியர் அல்லர். வெலிங்டன் கல்லூரியிலும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலும் பயின்று, கோல்ட்ஸ்ட்ரீம் காவற்படையில் அதிகாரியாகச் சேர்ந்தவர். அவருடைய வர்க்கப் பின்புலம் ஐயத்துக்கு இடமற்றது. 1943 செப்டெம்பரில் நேசநாட்டுப் படைகள் இத்தாலியின் சலேர்னோவில் தரையிறங்கியதைத் தொடர்ந்து நடைபெற்ற சமரில் காட்டிய துணிவுக்காக இராணுவச் சிலுவை விருதைப் பெற்றார். இத்தாலியப் போர்முனையில் இருமுறை காயமுற்றார்.

இவ்விருதே அவர்தம் வாழ்வின் மகுடம் எனப் புகழுரை எழுதுவோர் கூறலாம். ஆனால், ஹவார்ட் 2006 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் வேறொரு சம்பவத்தையும் பதிவுசெய்கிறது. இரவுநேர ரோந்தொன்றிற் கண்ணிவெடியில் அகப்பட்ட தமது படைவீரர் ஒருவரை அவ்விடத்திலேயே விட்டுத் தாம் திரும்பியதை அவர் அதில் மறைக்காது எழுதியுள்ளார். விருதுப் பத்திரத்தில் இடம்பெறாத செய்தி இது. வீரம் என்பதும் கைவிடல் என்பதும் ஒரே மனிதனிடத்தில், ஒரே யுத்தத்தில் நிகழக்கூடியன என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே படைத்துறை வரலாறு ஆய்வுத்துறையாக முடியும்.

1947 இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் விரிவுரையாளரான ஹவார்ட், அங்கு யுத்தக் கற்கைகள் துறையைக் கட்டியெழுப்பினார். அவரது முதல் நூல், இன்னொருவருடன் இணைந்து எழுதிய தமது படைப்பிரிவின் வரலாறாகும் (1951). அவ்வகை நூல்களின் இயல்பை உள்ளிருந்து அறிந்தவராதலின், 1961 இல் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையொன்றில் படைத்துறை வரலாற்றின் பயன்பாட்டையும் துஷ்பிரயோகத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். படைப்பிரிவின் வரலாற்றை எழுதுவோர் தம் பிரிவு எப்பொழுதும் குறையற்ற வீரத்துடன் போரிட்டது என்ற புனைவைப் பேணவேண்டியவராகின்றனர். அப்புனைவு படைவீரனின் மனவுறுதிக்கு உதவலாம். உண்மையை அறிய உதவாது. போர்களை நீண்டகாலப் பரப்பில், ஆழத்தில், அவற்றின் சமூக அரசியற் சூழலில் வைத்துக் கற்றல் வேண்டும் என்பதே அவர் முன்வைத்த நெறி.

அந்நெறியின் சிறந்த விளைவு, அதே ஆண்டில் வெளிவந்த 'பிரெஞ்சு-பிரஷ்ய யுத்தம்' என்னும் நூலாகும். 1870 செப்டெம்பரில் செடானில் மூன்றாம் நெப்போலியன் சரணடைந்தமைக்குத் தளபதிகளின் திறமையின்மையை மட்டும் காரணமாகக் கூறுதல் எளிது. ஹவார்ட் அவ்வளவில் நின்றுவிடவில்லை. பிரெஞ்சுக் காலாட்படையின் துப்பாக்கி பிரஷ்யருடையதிலும் சிறந்தது. ஆனால், பீரங்கியில் பிரஷ்யா விஞ்சிநின்றது. அதனிலும் முக்கியமானது ஆள்திரட்டும் முறை. பிரஷ்யாவில் எல்லா வர்க்கத்தினரும் குறுகியகாலக் கட்டாயச் சேவைக்கு உட்பட்டிருந்தனர். சேமப்படையினர் மாவட்ட அடிப்படையில் திரட்டப்பட்டு, புகையிரத அட்டவணைப்படி எல்லைக்கு அனுப்பப்பட்டனர். பிரான்சில் வசதி படைத்தோர் பணங்கொடுத்துச் சேவையிலிருந்து விலக முடிந்தது. படை ஏழைகளின் நீண்டகாலத் தொழிலாக இருந்தது. 1866 இல் பிரஷ்யா ஆஸ்திரியாவை வென்றபின், 1868 இல் கொண்டுவரப்பட்ட படைச் சீர்திருத்தமும் சட்டமன்றத்தின் எதிர்ப்பால் வலுவிழந்தது. குடிமக்கள் அனைவருக்கும் ஆயுதப் பயிற்சி அளிப்பதற்குச் சொத்துடையோர் அஞ்சினர். தம் புதல்வரை அனுப்பவும் அவர்கள் விரும்பவில்லை. ஒரு நாட்டின் படையமைப்பு அதன் சமூக அமைப்பிலிருந்து பிரிந்து நிற்கும் தனிப்பகுதியன்று, அம்முழுமையின் ஓர் அம்சமே என்ற முடிவுக்கு ஹவார்ட் வந்தமை இவ்வாறே. சொல் அவருடையது, பொருள் ஏங்கல்சுக்கு அந்நியமானதன்று. அந்த அச்சம் வீணானதன்று என்பதை, 1871 மார்ச்சில் ஆயுதந்தாங்கிய பாரிஸ் தேசிய காவற்படையினர் கம்யூனை நிறுவியபோது பிரெஞ்சு முதலாளி வர்க்கம் கண்டுகொண்டது.

1976 இல் வெளிவந்த 'ஐரோப்பிய வரலாற்றில் யுத்தம்' என்னும் சிறுநூலின் இயல் அமைப்பே அவர்தம் நோக்கைப் புலப்படுத்தும். குதிரைவீரப் பிரபுக்கள், கூலிப்படையினர், வணிகர், தொழில்முறைப் படையினர், புரட்சி, தேசங்கள், தொழினுட்பவியலாளர் என்றவாறு, போரை நடத்திய சமூக சக்திகளின் பெயராலேயே காலங்கள் வகுக்கப்பட்டுள்ளன. மன்னர்களின் பெயரால் வகுக்கப்படவில்லை. எனினும், ஐரோப்பாவின் கப்பல்களும் துப்பாக்கிகளும் சென்றடைந்த ஆசிய, ஆபிரிக்க மக்கள் இச்சட்டகத்தில் களமாக இடம்பெறுவதன்றி வரலாற்றை இயக்குவோராக இடம்பெறுவதில்லை. காலனித்துவத்தின் கீழ் வாழ்ந்த நாட்டினர் இக்குறையைச் சுட்டாதிருக்க இயலாது. அதே ஆண்டில் பீற்றர் பரே என்பவருடன் இணைந்து அவர் வெளியிட்ட கிளாஸவிட்ஸ் மொழிபெயர்ப்பு, ஆங்கிலம் அறிந்த உலகில் அந்நூலின் நிலைத்த பதிப்பாயிற்று.

அவர்தம் சிந்தனையின் எல்லையை 1980 ஆம் ஆண்டின் விவாதம் வெளிப்படுத்திற்று. குரூஸ் ஏவுகணைகளைப் பிரித்தானிய மண்ணில் நிறுவும் திட்டத்தின் பின்னணியில், குடிமக்கள் பாதுகாப்புக்கான ஏற்பாடுகள் இன்றேல் அணுவாயுதத் தடுப்புக் கொள்கையை எவரும் நம்பமாட்டார் என ஹவார்ட் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதற்கு மறுப்பாக எழுந்ததே மார்க்சிய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சனின் 'எதிர்ப்புக் காட்டி உயிர்வாழ்வீர்' என்னும் பிரசுரம். கோடிக்கணக்கானோரின் அழிவைக் கணக்கிடும் மொழி வழக்கமாகிவிடின், அழிவுக்கு மனங்கள் முன்னரே தயாராகிவிடும் என்று தொம்சன் வாதிட்டார். இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: தொம்சனும் இத்தாலியப் போர்முனையில் டாங்கிப் படை அதிகாரியாகப் பணியாற்றியவரே. ஒரே களத்தைக் கண்ட இருவர் எதிரெதிர் முடிவுகளை வந்தடைந்தனர். அனுபவம் தானாகவே நோக்கினை வழங்குவதில்லை. அரசியல் நிலைப்பாடே அனுபவத்துக்குப் பொருள் தருகின்றது.

1870 இன் பிரெஞ்சு அரசை வர்க்க நலன்களின் களமாகக் கண்ட அறிஞர், 1980 இன் பிரித்தானிய அரசை வர்க்கங்களுக்கு மேலே நின்று பகுத்தறிவுடன் கணக்கிடும் ஒருமையாகக் கொண்டதே அவரிடம் நாம் காணும் முரண்பாடு. கடந்தகாலத்துக்குப் பிரயோகித்த முறையியலைத் தமது காலத்துக்கு அவர் பிரயோகிக்கவில்லை. தாராண்மைவாத வரலாற்றியலின் பொதுவான முரண்பாடும் இதுவேயாம்.

எனினும், அவர் அங்கேயே உறைந்துவிட்டார் எனக் கூறுதல் நீதியாகாது. 2001 செப்டெம்பர் தாக்குதல்களின் பின்னர், அமெரிக்க அரசு 'பயங்கரவாதத்துக்கு எதிரான யுத்தம்' எனப் பிரகடனம் செய்தபோது, அடுத்த மாதமே லண்டனில் உரையாற்றிய ஹவார்ட் அச்சொல்லையே தவறென்றார். குற்றம் புரிந்தோரை 'யுத்தத்தின்' எதிர்த்தரப்பாக்குவது அவர்களுக்குத் தகுதியற்ற மதிப்பை வழங்கும். உடனடி இராணுவ வெற்றி வேண்டும் என்ற வேட்கையை மக்களிடையே கிளப்பும். சர்வதேச அனுசரணையுடன் கூடிய பொலிஸ் நடவடிக்கையே பொருத்தமானது என்பது அவர் வாதம். சொற்கள் போரை உருவாக்கும் என்று இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் தொம்சன் எச்சரித்ததற்கு அவர் இங்கு மிக அண்மையில் வந்து நிற்கிறார். ஆப்கானிஸ்தானில் 2021 வரை நீடித்த யுத்தமும், 2003 இன் ஈராக் படையெடுப்பும் அவ்வெச்சரிக்கையின் கனத்தை உணர்த்தின.

ஒக்ஸ்போர்டிலும் பின்னர் யேல் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் பதவிகளும், 1986 இல் 'சேர்' பட்டமும், 2005 இல் உயர் அரச விருதும் அவருக்குக் கிட்டின. ஆளும் வர்க்கம் தன்னவரைக் கௌரவித்தது. நாம் அவரைக் கௌரவிக்கும் காரணம் வேறு. படை என்பது சமூகத்தின் முழுமையை உள்ளடக்கியது என்பதைச் சான்றாதாரங்களுடன் நிறுவியவர். தம் படைப்பிரிவின் புனைவையும் தம் நெஞ்சின் சுமையையும் ஆய்வின் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர். வெற்றிப் பெருமிதமும் தியாகப் புனைவும் வரலாற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் எந்நாட்டிலும் இவ்விரண்டும் அரிய பணிகளே. அவர் நிறுத்திய இடத்திலிருந்து அம்முறையியலை நமது காலத்து அரசுகளுக்கும் படைகளுக்கும் பிரயோகிப்பது முற்போக்கு ஆய்வாளரின் கடமையாகும்.