தாய் சொல்லும் சாட்சி

1720, நவம்பர் 28. ஜமைக்கா தீவின் ஸ்பானிஷ் டவுன் நகரம். கவர்னர் நிக்கலஸ் லாஸ் தலைமையில் நீதிமன்றம் கூடியிருக்கிறது. குற்றவாளிகளாக நிற்பவர்கள் இரண்டு பெண்கள். ஆன் போனி, மேரி ரீட். சாதாரணப் பெண்களல்ல, கடற்கொள்ளைக்காரிகள்! ஆண்களைப் போல கால்சட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் வெட்டுக்கத்தி என்று கப்பலில் வலம் வந்தவர்கள். அவர்களுடைய தலைவன் 'காலிகோ ஜாக்' ராக்கமை பத்து நாட்களுக்கு முன்புதான் தூக்கில் போட்டிருந்தார்கள். இவர்களுக்கும் அதே தண்டனைதான் என்று தீர்ப்பாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவர்கள் வாயைத் திறந்தார்கள். வயிற்றில் உயிருள்ள குழந்தை இருக்கிறது என்றார்கள். உடனே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 'இவர்களைப் பரிசோதியுங்கள்' என்று உத்தரவாயிற்று. மேரி ரீட் 1721-ல் சிறையிலேயே இறந்துபோனாள். ஆன் போனி தூக்கிலிடப்பட்டதாகப் பதிவு எதுவும் இல்லை.

அதென்ன 'உயிருள்ள குழந்தை'?

அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி கர்ப்பமாக இருந்தால் மட்டும் போதாது. வயிற்றுக்குள் குழந்தை அசைய வேண்டும். அசைவு தெரிந்த நாளில்தான் அதற்கு உயிர் வந்ததாகக் கணக்கு. அசையாத கருவைச் சுமப்பவளுக்குச் சட்டம் இரக்கம் காட்டவில்லை. இதைத் தீர்மானிக்க, அனுபவமுள்ள பெண்களைக் கொண்ட தனி ஜூரியே இருந்தது. அவர்கள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. இந்தப் பெண்கள் ஜூரி 1931 வரை இங்கிலாந்துச் சட்டத்தில் இருந்தது என்றால் ஆச்சரியம்தானே!

அந்த வாசனை நம் ஊர்ச் சட்டத்திலும் உண்டு. 1860-ல் வெள்ளைக்காரர்கள் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு, சட்டவிரோதக் கருக்கலைப்புக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. குழந்தை அசையத் தொடங்கிய பிறகு என்றால், ஏழாண்டு வரை. 2024-ல் அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோதும் இந்த வித்தியாசம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

ஆக, பல நூற்றாண்டுகளாக வயிற்றுக்குள் நடப்பதற்கு முதல் சாட்சி, தாய்தான். 'உதைக்குது' என்று அவள் சொன்னால் உண்டு. 'அசையலையே' என்று அவள் சொன்னால் ஊரே கவலைப்படும்.

அந்தச் சாட்சியைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டது ஒரு குழாய்!

1816-ல் பாரிஸ் டாக்டர் லேனெக், காகிதத்தைச் சுருட்டி ஒரு நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. அவருடைய நண்பர் கெர்கராடெக் என்ற பிரபுவுக்கு ஒரு விபரீத ஆசை. குழந்தை பனிக்குட நீரில் புரளும்போது 'சளப்' என்று சத்தம் கேட்காதா? ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் குழாயை வைத்துக் காத்திருந்தார். நீரின் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் கைக்கடிகாரம் ஓடுவதுபோல 'டிக் டிக் டிக்'. தாயின் நாடியைவிட இரண்டு மடங்கு வேகம். அது குழந்தையின் இதயம்! அசைவைத் தேடிப்போனவர் துடிப்பைப் பிடித்துவிட்டார். 1821-ல் பிரெஞ்சு மருத்துவ அகாடமியில் இதை அறிவித்தார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பினார்டின் ஊதுகுழல் வந்தது. 1958-ல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டு, உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பத்தைக் கொண்டு வயிற்றுக்குள் படமே எடுத்துக் காட்டினார். இதயத்துடிப்பைக் காகிதத்தில் கோடாகப் போடும் மெஷின்களும் வந்தன. எல்லாமே அருமையான கருவிகள். பல லட்சம் உயிர்களுக்கு உதவியவை. ஆனால், கருவி பேசப் பேசத் தாயின் பேச்சு சன்னமாகிவிட்டது. 'டாக்டர், ரெண்டு நாளா அசைவு கம்மியா இருக்கு' என்றால், 'இதோ துடிக்குதே, போய் நிம்மதியாத் தூங்கும்மா' என்பது பதிலாயிற்று.

இதில்தான் ஆபத்து இருந்தது. அதை 1973-ல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெருசலேம் டாக்டர் எலியாஹு சடோவ்ஸ்கி. அவர் பெரிய மெஷின் எதையும் தேடவில்லை. கர்ப்பிணிகளிடமே, 'குழந்தை எத்தனை முறை அசைந்தது என்று எழுதுங்கள்' என்றார். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாதவர்களிடம் ஒரே வரிசை தெரிந்தது. முதலில் அசைவு குறைகிறது. பிறகு நின்றுபோகிறது. அப்போதும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது! அதன் பிறகே அதுவும் நிற்கிறது. இடையில் கிடைக்கும் அந்தச் சில மணி நேரம்தான் குழந்தையைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம். அதை 'அபாய அறிவிப்பு' என்றார் சடோவ்ஸ்கி.

காரணம் எளிமையானது. வீட்டில் வரவு குறைந்தால் முதலில் சினிமா, ஓட்டல் செலவைத்தானே நிறுத்துகிறோம்? அரிசி, பருப்பில் கை வைப்பது கடைசியில்தான். ஆக்சிஜன் வரவு குறைந்தால் குழந்தையும் அப்படித்தான். கை, கால் ஆட்டும் செலவைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்கிறது.

சரி, எத்தனை அசைவு இருந்தால் போதும்? 1976-ல் பிரிட்டனின் கார்டிஃப் நகர டாக்டர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணிக்குள் பத்து அசைவு. அட்டவணை அச்சடித்துக் கொடுத்தார்கள். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் 1989-ல் 68,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வு கையை விரித்தது. எல்லோரையும் எண்ணச் சொன்னதால் வயிற்றிலேயே இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை.

ஏன் என்று யோசித்தால் ஒன்று புரியும். தினமும் நூறு முறை புரளும் குழந்தை ஒருநாள் பத்தோடு நின்றால்? அட்டவணைப்படி பாஸ்! அம்மா மனசுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தெரியும். எண் அவளை வாயடைத்துவிடும்.

நார்வேயில் வேறு வழியில் போனார்கள். 14 மருத்துவமனைகளில், கர்ப்பிணிகளுக்கு அசைவைப் பற்றித் தெளிவாக எழுதிக்கொடுத்தார்கள். கூடவே, அவர்கள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர்களுக்கும் ஒரே விதிமுறை. 2009-ல் முடிவு வெளியானது. ஆயிரத்துக்கு மூன்றாக இருந்த இறந்து பிறப்பது, இரண்டாகக் குறைந்திருந்தது. ஆனால் இதுவே முடிந்த முடிவு அல்ல. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 4 லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஆயிரத்துக்கு 4.40 என்பது 4.06 ஆனது. உறுதியான பலன் என்று சொல்ல இது போதாது என்றார்கள். சிசேரியனும், மருந்து கொடுத்து வலி வரவைப்பதும் வேறு கூடியிருந்தன. விழிப்பு உணர்வு மட்டும் மந்திரக்கோல் இல்லை. வந்தவளைச் சரியாகப் பரிசோதித்துச் சரியாக முடிவெடுப்பதும் வேண்டும்.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு இன்றைக்கு டாக்டர்கள் சொல்வது இதுதான்: உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். அது மாறினால், குறைந்தால், நின்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரியானாலும் சரி, போன வாரம்தான் போய் வந்திருந்தாலும் சரி. டாக்டர் எண்ணச் சொல்லியிருந்தால் எண்ணுங்கள். ஆனால் எண்ணிக்கை நிறைந்தும் மனசு உறுத்தினால் போகத்தான் வேண்டும். 'மாசம் நெறைஞ்சா அசைவு கொறையும்' என்பது தவறு. உதையின் தன்மை மாறலாம், ஆனால் பிரசவம் வரை அசைவு இருக்க வேண்டும். 'ஜில்லுனு தண்ணி குடி, ஸ்வீட் சாப்பிடு, காலைல பாத்துக்கலாம்' என்ற யோசனையை நம்பி நேரத்தைக் கடத்த வேண்டாம். கடையில் வாங்கிய கருவியை வீட்டில் வைத்துத் துடிப்புக் கேட்டுத் திருப்திப்படவும் வேண்டாம். கடைசியில் நிற்பதுதான் துடிப்பு என்பது சடோவ்ஸ்கி சொன்ன பாடம்.

போனால் என்ன செய்வார்கள்? முதலில் துடிப்பைக் கேட்பார்கள். ஏழு மாதத்துக்கு மேல் என்றால் சுமார் இருபது நிமிடம் பெல்ட் கட்டித் துடிப்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்கேன். ஒருமுறை இப்படிப் போய்வரும் பெண்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு எல்லாம் நல்லபடியாகவே முடிகிறது. 'ஒண்ணுமில்லாததுக்கு ஓடி வந்துட்டோமே' என்று வெட்கப்பட எதுவுமில்லை. ஒன்றுமில்லை என்ற பதிலை வாங்கத்தானே போனீர்கள்!

முந்நூறு வருஷத்துக்கு முன்னால், தூக்குத்தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கொள்ளைக்காரி 'வயிற்றில் உயிர் இருக்கிறது' என்று சொன்னபோது, நீதிமன்றம் நின்று காது கொடுத்தது. உங்கள் வீட்டுப் பெண் 'இன்னிக்கு அசைவு சரியில்லை' என்று சொன்னால், நீங்களும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிடலாம்.