பனிநிலை

எந்த வெப்பநிலையில் ஆவி குளிர்ந்து முதல் துளியாகிறதோ அது பனிநிலை. இலங்கைப் பாடநூல்களில் இது பனிபடுநிலை. ‘பனித்தல்’ என்றால் துளிர்த்தல். கண்ணீர் அரும்புவதையும் கண் பனித்தது என்கிறோம். ஆகவே ‘பனி’ இங்கே குளிரை மட்டும் சொல்லவில்லை, துளியையும் சேர்த்தே சொல்கிறது. அழகான ஆக்கம்.

இயற்கை எரிவாயுவுக்குப் பனிநிலை இரண்டு: நீருக்கு ஒன்று, பென்டேன், ஹெக்சேன் போன்ற கனமான ஹைட்ரோகார்பன்களுக்கு ஒன்று. ஐரோப்பியக் குழாய்களுக்கான ‘ஈசி-கேஸ்’ அமைப்பின் பரிந்துரையில், 70 பார் அழுத்தத்தில் நீரின் பனிநிலை −8 டிகிரி செல்சியஸ். 1 முதல் 70 பார் வரை ஹைட்ரோகார்பன் பனிநிலை −2. இவற்றை மீறக் கூடாது. மீறினால் குழாயின் தாழ்வான இடங்களில் திரவம் தேங்கும். அது அடித்துச் செல்லப்பட்டு கம்பிரஸருக்குள்ளோ டர்பைன் பர்னருக்குள்ளோ புகுந்தால் சேதம் பெரிது. அழுத்தம் ஒரு பார் குறைந்தால் வாயு ஏறக்குறைய அரை டிகிரி குளிரும் என்பதால், அழுத்தம் குறைக்கும் நிலையங்களில்தான் ஆபத்து அதிகம்.

அளக்கும் பழைய முறை இன்றும் நம்பகமானது. சிறு கண்ணாடியை மெல்லக் குளிர்வித்து, அதன்மேல் வாயுவைச் செலுத்திப் பார்ப்பார்கள். நீர் படிந்தால் கண்ணாடி மங்கும். ஹைட்ரோகார்பனோ நிறமற்ற மெல்லிய படலமாகப் படியும். பழகாத கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.