பழைய எண் 7, புதிய எண் 6

சென்னைவாசிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை ஆனாலும் சரி, கேஸ் புத்தகம் ஆனாலும் சரி, விலாசத்தில் "பழைய எண், புதிய எண்" என்று இரண்டையும் எழுதுகிறோம். ஒன்றை விட்டால் கூரியர்காரர் தெருமுனையில் நின்றுகொண்டு போன் செய்வார். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கும். எண்தான் மாறியிருக்கும்.

2013இல் ஒரு மடிக்கணினிக்கு இதே கதி நேர்ந்தது. நேரச் செய்தவன் நான்தான்.

அப்போது நான் வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. சேலையூரில் எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மாவின் மகள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். ப்ளஸ் டூவில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான் அந்த வீட்டின் முதல் கம்ப்யூட்டர். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தொடங்கிய திட்டம் அது. அவளுக்குக் கிடைத்த மடிக்கணினியில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்தால் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும்.

"தாத்தா, டி டிரைவ்ல இடமே இல்ல. இ டிரைவ் சும்மா கிடக்கு" என்றாள். நிலத்தை உட்பிரிவு செய்தும் சேர்த்தும் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு இது ஒரு வேலையா? இ டிரைவை நீக்கினேன். அந்த இடத்தை டி டிரைவோடு சேர்த்தேன். விண்டோஸ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் செய்து கொடுத்தது. மூடி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

மறுபடி ஆன் செய்தபோது பட்டியல் வரவில்லை. கறுப்புத் திரையில், அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே "கிரப் ரெஸ்க்யூ" என்ற இரண்டு சொற்கள். அவ்வளவுதான். திங்கட்கிழமை அவள் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். அது அந்த டி டிரைவில் இருந்தது, வேறெங்கும் பிரதி இல்லை. நான் பார்த்தது சனிக்கிழமை சாயங்காலம்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார், ஆனா டேட்டா போயிடும்" என்றார்கள். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். 1983 மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் பிசி எக்ஸ்டி என்ற கணினியை வெளியிட்டது. அதில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். இன்று நம் கைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோவுக்கே அது சரியாகப் போய்விடும். டிஸ்கைப் பாகம் பிரித்துக்கொள்ளும் வசதி அதோடு வந்த டாஸ் 2.0இல் இருந்தது. பாகப் பிரிவினைப் பத்திரத்தை டிஸ்கின் முதல் 512 பைட்டில் எழுதினார்கள். அதில் 446 பைட் கணினியைக் கிளப்பும் கட்டளைகளுக்கு, 64 பைட் பாகங்களின் பட்டியலுக்கு, கடைசி 2 பைட் முத்திரை. பாகம் ஒன்றுக்கு 16 பைட். ஆகவே நான்கே பாகம்.

நான்கு போதாமல் போனபோது, நான்கில் ஒன்றை உட்பிரிவு செய்யும் ஏற்பாடு வந்தது. உட்பிரிவுகளுக்கு லினக்ஸ் 5லிருந்து எண் கொடுக்கும். நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் பின்னால் இருப்பவை ஒவ்வொரு எண் முன்னே நகர்ந்துவிடும். வினை அங்கேதான் இருந்தது.

446 பைட் என்பது மிகச் சொற்பம். இணையத்தில் ஒரு தமிழ் எழுத்துக்கே குறைந்தது 3 பைட் ஆகிறது. அவ்வளவு சின்ன இடத்தில் இருக்கும் நிரல் தானாக எதையும் செய்ய முடியாது, அடுத்த ஆளை எழுப்பிவிடும், அவ்வளவே. அந்த அடுத்த ஆள்தான் கிரப். 1995இல் எரிக் போலின் என்பவர் எழுதத் தொடங்கியது. அதற்குத் தன் மீதிக் கோப்புகள் எந்த எண்ணுள்ள பாகத்தில் இருக்கின்றன என்ற ஒரே விலாசம் தெரியும். அந்த மடிக்கணினியில் டி டிரைவ் 5, இ டிரைவ் 6, பாஸ் லினக்ஸ் 7. நான் 6ஐ நீக்கியதும் 7 என்பது 6 ஆகிவிட்டது. கிரப் பழைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது எதிர்வீட்டுத் தம்பி. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்தான். சி.ராஜம் 1949இல் தொடங்கிய, அப்துல் கலாம் படித்த அதே எம்.ஐ.டி.தான். அந்த வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்துதான் 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தை நடத்தத் தொடங்கின. 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் சென்னை சி-டாக் உருவாக்கியது. நம் ரயில் பாதை ஓரத்தில் நடந்த காரியம். எனக்கோ அது "யாருக்கும் வேண்டாத பட்டியல்" என்பதுதான் அதுவரை அபிப்பிராயம்.

ஞாயிறு காலை தம்பி வந்தான். "சார், எதுவும் அழியல. நீங்க பயப்படாதீங்க" என்று உட்கார்ந்தான். எல், எஸ் என்று இரண்டு எழுத்து அடித்தான். இருக்கிற பாகங்களின் எண்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டுவதுபோல உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தான். ஆறாவதில் கிரப்பின் அடைவு இருந்தது. இனி உன் இடம் 6ஆம் எண் என்று ஒரு வரி. "நார்மல்" என்ற பகுதியை ஏற்று என்று ஒரு வரி. அதை ஓட்டு என்று ஒரு வரி. பழைய பட்டியல் வந்து நின்றது.

அது அந்த ஒரு தடவைக்குத்தான். அணைத்தால் மறந்துவிடும். ஆகவே பாஸ் லினக்ஸுக்குள் போய், முதலில் ப்ராஜெக்டை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தான். பிறகு கிரப்பை மறுபடி நிறுவி, புதிய விலாசத்தை நிரந்தரமாக எழுதினான். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பெண் பென் டிரைவைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டாள்.

இப்போது வரும் கணினிகளில் ஜி.பி.டி. என்ற வேறு பதிவேடு. 128 பாகம் வரை எழுதலாம், ஒன்றை நீக்கினால் மற்றவற்றின் எண் மாறாது, டிஸ்கின் கடைசியில் ஒரு நகலும் இருக்கும். தாலுகா ஆபீஸில் ஒரு காப்பி, சார்பதிவாளரிடம் ஒரு காப்பி மாதிரி. பட்ட பாட்டில் வந்த புத்தி.

2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கி, 70 வார்டாகப் பிரித்தார்கள். எங்கள் வார்டு எண்ணும் மாறியது. வரி கட்டப் போனவர்கள் சிலர் அலைந்தார்கள். எனக்கு அந்தக் கறுப்புத் திரைதான் ஞாபகம் வந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டுக் கணினி கிளம்பவில்லை என்றால், ஃபார்மேட் என்ற சொல்லுக்கு உடனே தலையாட்டாதீர்கள். உள்ளே இருப்பதை முதலில் நகல் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பாகம் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே நகல் எடுத்துவிடுங்கள். பட்டா மாறினால் வீடு இடிந்துவிடாது என்று எத்தனையோ பேருக்கு ஆபீஸில் சொல்லி அனுப்பியவன் நான். அன்று அதை எனக்குச் சொல்ல ஒரு இருபது வயதுத் தம்பி வேண்டியிருந்தது.