படம் பகிர்ந்த சங்கங்கள்

வாரம் ஒரு புகைப்படம் எடுத்து, அதனைத் தம்மையொத்த ஆர்வலரிடம் காட்டிக் குறைநிறை கேட்டு மகிழும் வழக்கம், கைபேசியோடு பிறந்தது எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆயின், இந்நாட்டில் அவ்வழக்கம் வேரூன்றி 170 ஆண்டுகள் கடந்துவிட்டன.

1839-இல் வெளியான தாகேர் முறையில், வெள்ளி பூசிய செப்புத்தகட்டில் ஒரே ஒரு படந்தான் கிட்டும். அதற்குப் படி எடுக்க இயலாது. 1841-இல் டால்பட் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற முறையோ வேறு. காகிதத்தில் எதிர்மறைப் படம் ஒன்றை ஆக்கி, அதனை வேறொரு காகிதத்தின்மீது பொருத்தி வெயிலில் காட்டினால், வேண்டிய படிகளைப் பெறலாம். ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு மற்றொன்றை நண்பருக்கு அளிக்கும் வாய்ப்பு இவ்வாறு பிறந்தது. அதன்பின் சங்கங்களும் தோன்றின. லண்டனில் 1853-இலும், பம்பாயில் 1854-இலும், கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856-இலும் அவை நிறுவப்பட்டன.

கூடிப் பேசவேண்டிய தேவையும் அன்று மிகுதி. 1851-இல் அறிமுகமான ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். நம் நாட்டு வெயிலிலோ மருந்து விரைந்து உலர்ந்துவிடும். ஒருவர் பட்டறிந்த செய்தி பிறர்க்குப் பெருந்துணையாயிற்று. ஆங்கிலேயரே மிகுந்திருந்த அவ்வவைகளில் இந்தியரும் இடம் பெற்றனர். பம்பாயில் மருத்துவர் நாராயண் தாஜியும், கல்கத்தாவில் அறிஞர் ராஜேந்திரலால் மித்ராவும் அவருள் குறிப்பிடத்தக்கவர்.

மித்ரா, 1851-இல் படங்களோடு கூடிய வங்காள மாத இதழ் ஒன்றைத் தொடங்கியவர். கல்கத்தாச் சங்கத்தின் பொருளாளராகவும் விளங்கியவர். அக்காலத்தில் கிராமப்புறங்களில் குற்றம் புரியும் ஐரோப்பியரை அங்குள்ள நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது. அவ்விலக்கை நீக்கும் சட்ட முயற்சியை அவுரித்தோட்ட முதலாளிகள் கடுமையாக எதிர்த்தனர். 1857 ஏப்ரலில் கல்கத்தா நகர மண்டபத்தில் இந்தியர் கூட்டிய கூட்டத்தில், குடியானவர்க்கு அம்முதலாளிகள் இழைத்த கொடுமைகளை மித்ரா அஞ்சாது எடுத்துரைத்தார். அப்பேச்சில் புகைப்படம் பற்றி ஒன்றுமில்லை. எனினும், வெகுண்ட ஐரோப்பிய உறுப்பினர் அவரைச் சங்கத்தினின்றும் விலக்கினர்.

படத்தின் குறையை வெளிப்படையாகக் கூறலாம் என்று இசைந்திருந்த அவை, நாட்டின் குறையைக் கூறியவரைப் பொறுக்கவில்லை. விலக்குண்டவரோ சோர்ந்துவிடவில்லை. ஒரிசாவின் கோயில்களை ஆராய்ந்து 1875-இலும் 1880-இலும் இரு தொகுதிகளை வெளியிட்டார். 1885-இல் வங்காள ஆசியவியற் கழகத்தின் முதல் இந்தியத் தலைவரானார்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலர் இத்தகைய கலைக்குழுக்களில் சேர்ந்து, மொழி வேறாயினும் படத்தால் நட்புக் கொள்கிறோம். நல்ல படத்தை ஒருங்கே வியப்பது எளிது. உடன் வியந்தவர் நமக்கு உவப்பில்லாத உண்மையைக் கூறும்போதும் அவருடைய இருக்கையை அகற்றாதிருப்பதே அரிது. கல்கத்தாச் சங்கத்தின் வரலாறு நமக்கு நினைவூட்டுவது இதுவே.