பிரம்பு சொன்ன பாடம்

குசினி வேலை முடிந்த இரவுகளில், றிமோட்டில் பறக்கும் ஓட்டோஜைரோ மாதிரி ஒன்றை நானே வரைந்து செய்கிறேன் உறவுகளே. மேலே சுழலும் தகடுகளுக்கு எஞ்சின் இல்லை. முன்னால் உள்ள புரொப்பெல்லர் இழுக்க, எதிர்க்காற்றே அவற்றைச் சுழற்றும். என்னுடைய முதல் மாதிரி எழும்பின உடனே பக்கவாட்டில் கவிழ்ந்தது.

1920இல் ஸ்பெயினின் ஹுவான் டி லா சியர்வாவுக்கும் இதே சிக்கல்தான். முன்னோக்கி வரும் தகடு கூடுதலாகத் தூக்கும், பின்னோக்கிப் போவது குறைவாகத் தூக்கும். பெரிய இயந்திரங்கள் கவிழ, பிரம்பு வைத்த சின்ன மாதிரி மட்டும் ஒழுங்காகப் பறந்தது. பிரம்பு வளைந்து கொடுத்ததுதான் காரணம். அதைப் பார்த்து, தகடுகள் மேலும் கீழும் அசையக் கீல் பூட்டினார். 1923 ஜனவரியில் அவருடைய சி.4 பறந்தது.

பிறகு நான் இருக்கும் இந்த பிறேமனில், ஃபொக்கே-வுல்ஃப் நிறுவனம் அவருடைய சி.30ஐ உரிமம் வாங்கிச் செய்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹென்றிச் ஃபொக்கே வடிவமைத்த எஃப்டபிள்யூ 61 ஹெலிகொப்டர் 1936இல் பறந்தது.

போன ஞாயிறு நானும் கீல் பூட்டினேன். புல்வெளியைத் தாண்டிப் போய் நேராக இறங்கியது. போரால் பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டவன் நான். அன்று எழுதாமல் போன சோதனை ஒன்றில் பாஸ் பண்ணின மாதிரி இருந்தது.