வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கிழக்கே, வைகையின் தென்புறத்தில் உள்ள பெரிய கோயில் குளம். மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் 1645இல் இதை அமைத்தார். குளத்தின் நடுவே தீவாக நிற்கும் மைய மண்டபமும், தை மாதத் தெப்பத் திருவிழாவும் இதன் சிறப்புகள். கரையிலுள்ள மாரியம்மன் கோயிலின் பெயரே குளத்துக்கும் வழங்குகிறது. மதுரைக்காரர்களுக்கு இது வெறும் ‘தெப்பக்குளம்’தான்.

அமைப்பு

குளம் சுமார் 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. நான்கு புறமும் கருங்கல் கரை. மொத்தம் 12 படித்துறைகள். மைய மண்டபம் உயர்ந்த கல்மேடையின் மீது எழுந்துள்ளது. நடுவில் விமானம்போல் உயர்ந்த கோபுரமும் மூலைக்கொன்றாகச் சிறு மண்டபங்களும் உள்ளன. சுற்றிலும் நந்தவனம். உள்ளே விநாயகர் குடிகொண்டிருக்கிறார்.

திருமலை நாயக்கர் மகால் கட்டச் செங்கலுக்காக இங்கே மண் எடுத்தார்கள் என்றும், அந்தப் பள்ளமே பிறகு குளமாயிற்று என்றும் மரபுவழிச் செய்தி உண்டு. அப்போது கிடைத்ததாகச் சொல்லப்படும் பெரிய விநாயகர் சிலைதான் மீனாட்சி அம்மன் கோயிலில் உள்ள முக்குறுணி விநாயகர். விநாயகர் சதுர்த்தியன்று முக்குறுணி, அதாவது 18 படி, அரிசியில் ஒரே கொழுக்கட்டை பிடித்து அவருக்குப் படைக்கிறார்கள்.

நீர்வரத்து

குளத்துக்கு ஊற்று நீரை விட ஆற்று நீரே ஆதாரம். வைகையிலிருந்து கால்வாய் வழியே நீர் வந்து சேரும்படி பழைய ஏற்பாடு இருந்தது. நகரம் வளர்ந்தபோது கால்வாய் தூர்ந்தது. ஆக்கிரமிப்பும் கழிவும் வழியை அடைத்தன. ஆற்றிலும் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. பல ஆண்டுகள் குளம் வறண்டு, அதன் தரையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். அந்த ஆண்டுகளில் தெப்பம் மிதக்காமல் நிலைத்தெப்பமாகவே விழா நடந்தது. 2019ஐ ஒட்டிய ஆண்டுகளில் பனையூர் கால்வாய் சீரமைக்கப்பட்டபின் குளம் மீண்டும் நிரம்பியது. படகுச் சவாரியும் வந்தது.

ஜப்பானின் இட்சுகுஷிமா தீவுக் கோயிலுடன் இதை ஒப்பிடலாம். அங்கே கடலில் நிற்கும் தோரண வாயிலுக்கு, கடல் வற்றும் நேரத்தில் மக்கள் நடந்தே போவார்கள். சில மணி நேரத்தில் அலை ஏறிவிடும். தெப்பக்குளத்து மண்டபத்துக்கு நடந்துபோக முடிந்த காலமோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. அங்கே தீவு இயற்கையின் பொறுப்பு. இங்கே கால்வாயைக் காப்பவர்களின் பொறுப்பு.

தெப்பத் திருவிழா

தைப்பூசத்தை ஒட்டி 12 நாள் விழா. திருமலை நாயக்கர் பிறந்தது தைப்பூசத்தில் என்பது மரபு. தெப்பத்துக்கு முந்தைய நாள் சிந்தாமணியில் கதிரறுப்பு நடைபெறும். நெல் அறுவடைக் காலத்தில் அம்மனும் சுவாமியும் வயற்புறம் எழுந்தருளும் இந்த நிகழ்ச்சி, விழாவைச் சுற்றுவட்டார உழவர்களுடன் இணைக்கிறது.

தெப்ப நாளில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அலங்கரித்த மிதவையில் ஏறுகிறார்கள். கரையில் திரண்ட பக்தர்கள் வடம் பிடித்து இழுக்க, மிதவை மைய மண்டபத்தைக் காலையில் இருமுறையும் இரவில் ஒருமுறையும் வலம் வரும். இரவுச் சுற்றின்போது மண்டபம் முழுவதும் விளக்கொளி.

உணவு

மாலையில் குளக்கரை மதுரையின் காற்றுவாங்கும் இடம். தள்ளுவண்டிகளில் சுண்டல், பஜ்ஜி, பணியாரம் விற்பார்கள். மதுரையின் தனி அடையாளங்களில் ஒன்று பருத்திப்பால். பருத்திக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து ஆட்டி, பிழிந்து வடிகட்டி எடுத்த பாலில் அரிசி மாவு கரைத்துக் காய்ச்சுவார்கள். கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலம் சேர்ந்ததும் கெட்டியாகிவிடும். மேலே தேங்காய்த் துருவல். சளிக்கு நல்லது என்று பெரியவர்கள் விரும்பிக் குடிப்பார்கள். மற்றொன்று ஜிகர்தண்டா: பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் ஆகியவை அடுக்கடுக்காக விழும் குளிர்பானம். வெயில் காலத்தில் இதற்கே கூட்டம்.

சென்றுவருதல்

நகரிலிருந்து காமராசர் சாலை வழியே நேராகக் குளத்துக்கு வரலாம். நகரப் பேருந்து வசதி உண்டு. 1949இல் கருமுத்து தியாகராசர் நிறுவிய தியாகராசர் கல்லூரி குளக்கரையில்தான் உள்ளது. மண்டபத்தையும் நீரில் அதன் நிழலையும் பார்க்க மாலை நேரம் ஏற்றது. விழாவைக் காண விரும்புவோர் அவ்வாண்டின் தைப்பூசத் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொண்டு, கூட்டம் சேருமுன் காலையிலேயே கரைக்கு வந்துவிடுவது நல்லது.