பானையை உடைத்த மாணவரும் ஐந்து நாற்காலிகளும்

வன்கொடுமை நடந்தால் அரசு ஒரு குழு போடும். அந்தக் குழுவின் முன் தலித் இளைஞர்களுக்கு ஓர் இடம் எப்போதும் உண்டு. அது சாட்சி சொல்லும் இடம். முடிவெடுக்கும் மேசையைச் சுற்றியுள்ள நாற்காலிகள் வேறு ஆட்களுக்கானவை. இந்த ஏற்பாடு இயல்பானதல்ல என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

காட்டுமன்னார்கோயில் பகுதியில் 1924இல் பிறந்தவர் எல். இளையபெருமாள். அவர் படித்த பள்ளியில் தலித் மாணவர்களுக்குத் தனித் தண்ணீர்ப் பானை. மாணவராக இருந்தபோதே அவர் அந்தப் பானையை உடைத்தார். தனிப்பானை முறை அந்தப் பள்ளியில் ஒழிந்தது. 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே, இருபதுகளின் வயதில், மக்களவைக்குச் சென்றார்.

1965இல் ஒன்றிய அரசு தீண்டாமை குறித்தும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலை குறித்தும் ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் இளையபெருமாள். தனிப்பானையின் அவமானத்தை அனுபவித்தவரே நாடெங்கும் உள்ள தீண்டாமையைப் பதிவு செய்யும் பொறுப்பில் அமர்ந்தார். 1969இல் வந்த அறிக்கை நாசூக்காகப் பேசவில்லை. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சொன்னது. தமிழ்நாடு அரசு அறநிலையத் துறைச் சட்டத்தைத் திருத்தியபோது இந்தப் பரிந்துரையைத்தான் காரணமாகக் காட்டியது.

ஆனால் அறிக்கை சொன்ன வன்கொடுமைகளைத் தடுக்க டெல்லி அசையவில்லை. அந்த அறிக்கையைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களும் இளைஞர்களே. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜெ.வி. பவார், ராஜா தாலே முதலானோர் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். தசாலுக்கு அப்போது 23 வயது. இளையபெருமாள் அறிக்கையும், அந்த ஆண்டு மகாராஷ்டிரத்தில் நடந்த கொடுமைகளும் அவர்களைத் தள்ளின. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வர 1989 வரை ஆனது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையில் 20 ஆண்டுகள். அந்த இடைவெளியில் பிரச்சினையை உயிரோடு வைத்திருந்ததில் தெருவில் நின்ற இளைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி இன்றைக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க ஆலோசனை கேட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கைக்கயிறு, சாதிப் பெயர் தாங்கிய பள்ளிகள் என்று பேச வேண்டியதை அது பேசியது. அதை நாம் வரவேற்கிறோம். அது நடைமுறைக்கு வருகிறதா என்று யார் பார்ப்பது? எந்தக் கயிறு எந்தச் சாதி, எந்த ஆசிரியர் கண்டுகொள்ளமாட்டார், எந்தப் பேருந்தில் ஏறினால் அடி விழும் என்பதெல்லாம் அந்த மாணவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 17ஆவது விதிப்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களிலிருந்து அரசு சாராத ஐந்து பேர் வரை உறுப்பினராகலாம். அந்த ஐந்தில் இரண்டு இடங்களைக் கல்லூரி மாணவர்களுக்கும் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கும் கொடுங்கள் என்று கேட்போம். விடுதிச் சோறும், தாமதமாகும் உதவித்தொகையும், பதிவாகாத புகாரும் ஆட்சியரின் மேசைக்கு நேராக வரட்டும்.

உங்கள் மாவட்டக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.